பேரம் பேசாமல் போனவள்

அவள் பேரம் பேசவில்லை. அதுதான் சகாயராஜுக்கு உறுத்தியது. ஸ்கூட்டர் தெருமுனை மருந்துக்கடை பக்கம் திரும்பி மறைந்த பிறகும் அவன் கடைவாசலில் நின்ற மேனிக்கே நின்றுகொண்டிருந்தான். ஓட்டிப் பாரும்மா, கோயில் வரைக்கும் போய்த் திரும்பிடு, பிரேக் ஷூ புதுசு, பார்த்துப் பிடி என்று சொன்னதெல்லாம் தினமும் அவன் வாயிலிருந்து தானாக வருகிற பேச்சு. ஆனால் விலையைச் சொன்னதும் சரிண்ணே என்றாளே, அது பாலக்கரையில் நடக்கிற பேச்சில்லை. ஆட்டோ கன்சல்டிங் போர்டு மாட்டிய நாளிலிருந்து சொன்ன விலைக்குச் சரி என்ற மனுஷப் பிறவியை அவன் பார்த்ததில்லை. பழைய வண்டிக்கு விலை சொல்லும்போதே குறைக்கப்போகிறதையும் சேர்த்துத்தான் சொல்கிறோம், அது கேட்கிறவனுக்கும் தெரியும், அவன் பாதியில் ஆரம்பிப்பான், நாம் செருப்பால் அடித்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வோம், அவன் போகிற மாதிரி நாலடி நடப்பான், நாம் கூப்பிடுவோம். அதெல்லாம் ஒரு மரியாதை. பங்குச் சாமியாரே குறைத்துக் கேட்டுத்தான் வாங்கிப் போனார். குறைத்துக் கேட்காதவனுக்கு அந்தப் பொருள் வேண்டாம், வேறு எதற்கோ வந்திருக்கிறான். மணப்பாறைச் சந்தையில் மாட்டுத் தரகர்களோடு துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசிப் பழகிய காலத்தில் இதைத் தெரிந்துகொண்டான், அதுவும் சும்மா இல்லை, ஒரு தரம் தப்பான விரலை அழுத்திவிட்டு அதை மறுத்துப் பேசி, நாலு பேர் சேர்ந்து முன்பல்லை எடுத்த பிறகு. இந்தப் பெண் டயரைப் பார்க்கவில்லை, ஆர்.சி. புக்கைக் கேட்கவில்லை, எத்தனை கை மாறியது என்று விசாரிக்கவில்லை. கடைக்குப் பக்கவாட்டில் மாடிக்குப் போகிற படிக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மேல யாருண்ணே இருக்காங்க. ஹவுஸ் ஓனரும்மா, தெய்வசிகாமணி சாரும் அவரு மகனும். மகன் என்ன பண்றாரு. கம்ப்யூட்டர் வேலை, வீட்ல இருந்தே. கொஞ்ச நேரம் ஹாண்டில்பாரைத் தடவிக்கொண்டிருந்தாள். நல்ல மாதிரியாண்ணே. முகத்தைச் சுற்றித் துப்பட்டாவைக் கட்டியிருந்ததால் கண் மட்டும்தான் தெரிந்தது, அது அவனை விட்டு நகரவில்லை. அவன்தான் நகர்ந்தான். முதல்ல வண்டிய ஓட்டிப் பாத்துட்டு வாம்மா, அப்புறம் பேசுவோம் என்று சாவியை நீட்டினான்.

அப்புறம் என்றால் எப்போது. அவள் திரும்பி வருகிறபோதுதான். கோயில் என்ன பெங்களூரிலா இருக்கிறது. அவன் உள்ளே வந்து ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தான். மேசை டிராயரை இழுத்தால் ரப்பர் பேண்டு போட்ட இன்சூரன்ஸ் காகிதங்களுக்கு அடியில் நம்மாளு கிடந்தான். அட்டை போய், முதல் நாலு பக்கமும் போய், பழைய பேப்பர் கடையில் எடைக்கு எடுத்த துப்பறியும் புத்தகம். அப்படி ஒரு மூட்டையே வீட்டுப் பரணில் இருக்கிறது. எவனோ அமெரிக்காவில் எழுதினது, எவனோ மெட்ராசில் தமிழ் பண்ணினது, எல்லாவற்றிலும் பேர்தான் வேறு, ஆள் ஒரே ஆள், அதனால் சகாயராஜ் எல்லோருக்கும் சேர்த்து நம்மாளு என்று பேர் வைத்துவிட்டான். நம்மாளுக்கு ஒரு பழைய கட்டடத்தில் மாடி அறை. கண்ணாடிக் கதவில் பேர். டிராயரில் விஸ்கி. சகாயராஜ் டிராயரில் வயிற்றுப்புண்ணுக்குப் பால் மாத்திரையும் நம்மாளும். வெளியே எப்போதும் மழை, அந்த ஊரில் வெயிலே அடிக்காதா என்று பெண்டாட்டி லூர்து ஒரு நாள் கேட்டாள். அவள் எதையும் கேட்பாள். கடைசில கொன்னது யாருன்னாவது சொல்லுங்க என்று மீன் ஆய்ந்துகொண்டே கேட்டபோது அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. முந்தின நாள் முடித்த புத்தகம். ஒரு வக்கீலா, இல்லை அந்தப் பணக்காரியின் தம்பியா. மறந்தே போச்சு. இதுக்கா ராத்திரிக்கு ராத்திரி கண்ணைக் கெடுத்துக்கறீங்க என்று அவள் செவுளைப் பிடுங்கினாள். அன்றைக்குக் கோபம் வந்து சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டான். பிறகு யோசித்தால் அவள் கேட்டதில் தப்பில்லை. கொன்றவனுக்காக அவன் படிக்கவில்லை. வேறு எதற்கு என்று அவளுக்குச் சொல்ல வாய் வரவில்லை, அந்த எரிச்சல்.

எதற்கு என்றால், நம்மாளு அறைக்குள் ஒருத்தர் நுழைந்ததுமே பொய்யோடுதான் நுழைகிறார். அவனுக்கு அது தெரியும். தெரிந்தும் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்கிறான், தீப்பெட்டியை நீட்டுகிறான், பொய்யை முழுசாகக் கேட்கிறான். கூலி ஒரு நாளைக்கு இவ்வளவு, செலவு தனி, அவ்வளவுதான். கூட்டிக் கொடுக்கிறேன் என்றாலும் வாங்க மாட்டான், குறைத்துக் கொள் என்றாலும் மாட்டான். அந்த இடம் வரும்போதெல்லாம் சகாயராஜ் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் தெருவைப் பார்ப்பான். காலையில் கண் திறந்ததிலிருந்து ராத்திரி ஷட்டர் இழுக்கிற வரைக்கும் கூட்டுவதும் குறைப்பதுமாகவே போகிற ஒருத்தனுக்கு, உலகத்தில் ஒரே ஒரு விலை வைத்திருக்கிற ஒருத்தன் எப்படி இருப்பான் என்று பார்க்கிறது குளிர்ந்த தண்ணீரில் கால் வைக்கிற மாதிரி. அதற்காக நம்மாளு தன்னை யோக்கியன் என்று ஒரு பக்கத்திலும் சொல்லிக்கொள்வதில்லை. சொன்னால் புத்தகத்தை அன்றே எடைக்குப் போட்டிருப்பான். அடி வாங்குகிறான். இருட்டுச் சந்தில் பின்மண்டையில் போடுகிறார்கள், விழுகிறான், காலையில் எழுந்து முகத்தைக் கழுவிச் சவரம் செய்துகொண்டு மறுபடி அதே வீட்டுக் கதவைத் தட்டுகிறான். ஏன் தட்டுகிறான், யாரும் கேட்கவில்லையே. ஆரம்பத்தில் கூலி கொடுத்தவளே போதும் விட்டுவிடு என்கிறாள். அவன் விடுவதில்லை. கடைசியில் உண்மை தெரிந்தும் எவனுக்கும் ஒரு நல்லதும் நடந்த மாதிரி தெரியவில்லை, அவன் தன் அறைக்குப் போய் விளக்கைப் போடாமல் உட்காருகிறான். அப்படிப்பட்ட முடிவைப் படித்துவிட்டு ஏன் நிம்மதியாக இருக்கிறது. அதுதான் புரியவில்லை. பொய் சொன்னவர்களுக்கு நடுவில் ஒருத்தனாவது நடந்ததை நடந்தபடி தெரிந்து வைத்திருக்கிறான் என்பதாலா. ஆனால் நம்மாளுக்குப் பெண்டாட்டி இல்லை. காலேஜுக்குப் போகிற மகள் இல்லை. வாடகைக்குத்தான் இருக்கிறான், அந்தக் கட்டடத்துக்கும் ஓனர் இருக்கத்தான் வேண்டும், அந்த ஓனர் எந்தப் புத்தகத்திலாவது கீழே இறங்கி வந்து நம்மாளு பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தானா. இல்லை. அதை மட்டும் எழுதினவன் விட்டுவிட்டான். சாமர்த்தியக்காரன்.

நேற்று மொய்தீன் டீக்கடையில் கார் நின்றதைச் சகாயராஜும் பார்த்தான். வெள்ளைச் சட்டை ரெண்டு பேர் இறங்கி, டீயைக் கையில் வாங்கிக்கொண்டு குடிக்காமலே நின்றார்கள். தெய்வசிகாமணி சார் மகனுக்குச் சம்பந்தம் என்று தெருவுக்கே தெரிந்துவிட்டது. சம்பந்தம் பேசுகிறவர்கள் இப்படித்தான் வருவார்கள், டீக்கடை, அயர்ன் கடை, மளிகைக் கடை என்று ஒவ்வொரு இடமாக நின்று பையன் எப்படி என்று போகிற போக்கில் கேட்கிற மாதிரி கேட்பார்கள். துப்பறிகிறார்களாம். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். அவர்கள் போனதும் மொய்தீன் பாய் கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார், தங்கமான பையன்னு சொல்லி அனுப்பிட்டேன். ஏன் பாய், உங்களுக்குத் தெரியாதா என்றான் சகாயராஜ். என்ன தெரியும் எனக்கு. மொதப் பொண்டாட்டி ஓடிப் போச்சு, அது பையன் தப்பா. ஓடிப் போச்சா. பின்ன என்னய்யா, மருந்துக்கடைக்காரன் கண்ணால பாத்திருக்கான், வெளியூர் நம்பர் பைக்குல ஹெல்மெட் போட்டவன் ஒருத்தன் பின்னால ஏறிப் போச்சுன்னு, அதையும் நானா சொல்லல, அவங்களே கேட்டாங்க, ஆமான்னு தலைய ஆட்டினேன். ஒரு கல்யாணம் கூடி வர்ற நேரத்துல குறுக்க பேசச் சொல்றியா, நீ வேணா பேசு, உனக்குத்தான் வாய் நீளம். சகாயராஜ் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டான். வெளியூர் நம்பர், ஹெல்மெட். அந்த ரெண்டு வார்த்தையும் நேற்றிலிருந்து பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி நாக்கில் பட்டுக்கொண்டே இருந்தன. எடுக்கவும் வரவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

அந்த முதல் பெண்டாட்டி தமயந்தி மாடியிலிருந்து இறங்கி வந்தது ஒரு மத்தியானம். மேலே கல்யாணமாகி வந்து வருஷம் திரும்பவில்லை. தன் ஸ்கூட்டரை ஸ்டாண்டிலிருந்து எடுத்துவிட்டாள், கிளப்பத்தான் வரவில்லை, இடது கையால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு செல்ஃபை அமுக்க வேண்டும், அந்த இடது கை பிடிக்க மாட்டேன் என்றது. மணிக்கட்டு பன்ரொட்டி மாதிரி வீங்கியிருந்தது. விழுந்துட்டியாம்மா. ஆமாண்ணே, பாத்ரூம்ல. விழுந்த வண்டியையும் விழுந்த ஆளையும் பார்த்துப் பார்த்துச் சலித்தவன் அவன், விழுகிறவன் உள்ளங்கையைத்தான் முதலில் ஊன்றுவான், அவள் உள்ளங்கை பூ மாதிரி இருந்தது, மணிக்கட்டுக்கு மேலே மட்டும் விரல் விரலாகத் தடம். யாருடைய விரல் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை, மாடியிலிருந்து அவள் புருஷன் மதிவாணன் கத்துகிற சத்தம் இன்னும் நிற்கவில்லை. சகாயராஜுக்குத் தலைக்கு ஏறியது, ஸ்பானரைக் கையில் எடுத்துவிட்டான், அவள்தான் வேணாண்ணே, பெரம்பலூர் பஸ் எங்க நிக்கும்னு மட்டும் சொல்லுங்க என்றாள். பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டான். ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்றதற்கும் வேண்டாம், யார்கிட்டயும் சொல்லாதீங்க, அவ்வளவுதான். பஸ் கிளம்புகிற வரைக்கும் ஜன்னலுக்குக் கீழே நின்றான். அதற்கப்புறம் அவளைப் பார்க்கவில்லை. எதில் கூட்டிப் போனான். அவள் ஸ்கூட்டர் அங்கேயே நின்றது. கடையில் அப்போது என்ன வண்டி இருந்தது, அந்த மதுரைப் பார்ட்டி விற்கக் கொடுத்த கறுப்பு பைக். மதுரை நம்பர். ஹெல்மெட் இல்லாவிட்டால் போலீஸ் பிடிக்கிறது என்று வாசலில் மாட்டியிருந்ததை எடுத்து மாட்டிக்கொண்டான்.

சகாயராஜ் டிராயரை மூடினான். மூடிய கை அங்கேயே இருந்தது. அடப்பாவி. அவள் ஓடிப்போன ஆள் நான்தானா. தெருவே பார்த்த அந்த ஹெல்மெட் என் ஹெல்மெட். அதை வைத்துத்தான் கோர்ட்டில் விவாகரத்து வாங்கி அவளை ஒன்றுமில்லாமல் அனுப்பினார்களா, அதை வைத்துத்தான் இன்னொரு பெண்ணைக் கேட்டு வந்திருக்கிறார்களா, இத்தனை நாளும் அந்தக் கதையைச் சொன்ன வாய்க்கெல்லாம் வண்டி விற்று, டீ வாங்கிக் கொடுத்து, இங்கேதான் உட்கார்ந்திருந்தேன், ஒருத்தனும் என்னிடம் ஹெல்மெட் என்று சொன்னதில்லை, நேற்றுதான் பாய் சொன்னார். நம்மாளுக்கு இப்படி நடந்தது உண்டு. ஊரெல்லாம் ஒருத்தனைத் தேடிக் கடைசியில் அந்தச் சங்கிலியின் நடுக்கண்ணியே தான்தான் என்று தெரிந்து நிற்பான். படிக்கும்போது நன்றாக இருந்தது. இப்போது டிராயரை மறுபடி இழுத்து ஒரு பால் மாத்திரையை வாயில் போட்டான். சொன்னால் என்ன ஆகும். பஸ் ஸ்டாண்டில் விட்டேன் என்றால் அத்தோடு விடுவார்களா, ஏன் விட்டாய், உனக்கென்ன அக்கறை, அன்றைக்கே ஏன் சொல்லவில்லை. லூர்து என்ன நினைப்பாள். அவள் நினைக்க மாட்டாள், அவள் அண்ணன் நினைப்பான். மகளுடைய காலேஜ் வாசலில்கூட எவனாவது பேசுவான். தெருவுக்கு ஒரு ஆள் வேண்டியிருக்கிறது, ஹெல்மெட்டுக்குள் முகமில்லாமல் இருந்த வரைக்கும் அது யாரோ, முகம் கிடைத்துவிட்டால் விடுவார்களா. மணியைப் பார்த்தான். வண்டியை எடுத்துப் போனவள் இன்னும் வரவில்லை. கோயிலுக்குப் போய்த் திரும்ப இவ்வளவு நேரமா. வண்டியோடு போய்விட்டாளோ. அடையாளத்துக்கு லைசென்ஸ்கூட வாங்கி வைக்கவில்லை, எவனிடமும் இந்தத் தப்பைச் செய்ததில்லை. போயிருந்தால் போகட்டுமே. ஒரு வண்டி நஷ்டம். திரும்பி வராமல் இருந்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்த நினைப்பு வந்ததும் அவனுக்குத் தன் மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது. ஒரு வண்டியைக் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் இருக்கப் பார்க்கிறாய், அதிலும் பேரம்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம். தெய்வசிகாமணி சார் பேப்பரோடு இறங்கி வந்தார். ரிட்டயர் ஆன நாளிலிருந்து இப்படித்தான், காலையில் வந்து உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் மாடி ஏறுவார். என்ன சகாயம், வண்டி ஏதும் போச்சா. ஒண்ணு ஓட்டிப் பாக்கப் போயிருக்கு சார். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேப்பரை விரித்தார், விரித்தபடியே, இவன் முகத்தைப் பார்க்காமல், மதிக்கு ஒரு இடம் தகைஞ்சு வருதுப்பா, நல்ல குடும்பம், லால்குடி, விசாரிக்க ஆள் வரும் என்றார். வந்தாங்க சார், நேத்து. உங்கிட்ட வரலியே. வரல. வந்தா ரெண்டு வார்த்தை நல்லதாச் சொல்லு. நீ சொன்னா எடுபடும், கீழயே இருக்கறவன். கொஞ்சம் நிறுத்தி, பக்கத்தைப் புரட்டி, அப்புறம் உன் கடை அக்ரிமெண்ட்டையும் இந்த மாசமே புதுப்பிச்சிருவோம், என்ன, கூட எதுவும் கேக்கல, பழைய வாடகையே இருக்கட்டும். சகாயராஜ் பாப்போம் சார் என்றான். அவனுக்குக் கோபம் வர வேண்டும், வந்தால் நன்றாக இருக்கும், கோபம் வந்தால் யோசிக்க வேண்டாம், வாய் பேசிவிடும். வரவில்லை. அந்த மனுஷனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேப்பரை விரித்தவர் ஒரு வரியும் படிக்கவில்லை, கண் ஒரே இடத்தில் நின்றது. இந்த ஃபேன் காற்றில், கிரீஸ் நாற்றத்தில், தினமும் இத்தனை நேரம் இந்த ஆள் ஏன் உட்காருகிறார் என்று ஒரு நாளாவது யோசித்தோமா. மேலே ஏ.சி. இருக்கிறது, டி.வி. இருக்கிறது. மகனும் இருக்கிறான்.

சாடையாகச் சொல்லிவிடலாம், அதுதான் வழி. அவள் வந்ததும் இந்த வண்டி உனக்கு ஒத்து வராதும்மா, பார்க்கத்தான் பளபளப்பு, உள்ளே அடிபட்டது, வேறு இடம் பார் என்றால் புத்திசாலிப் பெண் புரிந்துகொள்வாள், பெரியவருக்கும் வண்டியைப் பற்றிப் பேசின மாதிரி இருக்கும், கடையும் நிற்கும். துண்டுக்குள் விரல் பிடிக்கிறது மாதிரி, வெளியே ஒன்றும் தெரியாது. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவளுக்குப் புரியாமல் போனால். வண்டியைத்தான் சொல்கிறான் என்று வேறு கடைக்குப் போய் வேறு வண்டியை வாங்கி, அதிலேயே இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து இறங்கினால். துண்டுக்குள் ஒரு விரல் மாறினதற்கு அவனுக்குப் பல் போனது, இவளுக்கு எது போகும். அவன் மேலே யோசிக்கவில்லை, தெருமுனையில் ஸ்கூட்டர் திரும்பிவிட்டது.

அவள் வண்டியை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். துப்பட்டாவை அவிழ்க்கவில்லை. நாற்காலியில் இருந்த பெரியவரை ஒரு பார்வை பார்த்தாள், வாடிக்கையாகக் கடையில் உட்காருகிற யாரோ என்று விட்டுவிட்டாள். "நேரமாயிடுச்சுண்ணே. பாலத்துக்கிட்ட நின்னு யோசிச்சுட்டிருந்தேன்" என்றாள். "எனக்கு வண்டி வேண்டாம். மேல் வீட்டு மதிவாணனுக்குத்தான் என்னைக் கேட்டிருக்காங்க. நேத்து எங்க மாமா வந்து விசாரிச்சுட்டு எல்லாரும் நல்லபடியாத்தான் சொல்றாங்கன்னு வந்துட்டாங்க. நானே கேட்கணும்னு தோணுச்சு."

தெய்வசிகாமணி பேப்பரை இறக்கினார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்தது, பேசத் தயாரான சிரிப்பு, ஆனால் அவர் பேசவில்லை, சகாயராஜைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தார். சொல்லு.

"இவரு மதிவாணனோட அப்பாம்மா" என்றான் சகாயராஜ். "அவரை வச்சுக்கிட்டே சொல்றேன். அவன் அடிப்பான். மொதல்ல வந்த பொண்ணு கைய முறுக்கிட்டான், வீங்கின கைய நான் பாத்தேன்."

"சகாயம்."

"இருங்க சார். அந்தப் பொண்ணு எவன்கூடயோ போயிட்டதாச் சொல்லியிருப்பாங்க, ஹெல்மெட் போட்டவன், வெளியூர் வண்டி. அது நான். இந்தக் கடையில நின்ன மதுரை பைக்கு. பஸ் ஸ்டாண்டுல கொண்டுபோய் பெரம்பலூர் பஸ்ல ஏத்தி விட்டேன். ஒத்தக் கையால ஜன்னல் கம்பியப் புடிச்சிட்டு உக்காந்திருந்துச்சு. அவ்வளவுதான் நடந்தது. நீங்க என்ன வேணா நினைச்சுக்கங்க சார், கடைய வேணா எடுத்துக்கங்க."

சொல்லி முடித்தான். அடி விழும் என்று எதிர்பார்க்கிற உடம்பு மாதிரி தோள் தானாக இறுகியது. ஒன்றும் விழவில்லை. பெரியவரின் சிரிப்பு முகத்திலிருந்து இறங்கிய வழி தெரியவில்லை. அவர் சகாயராஜின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், அது இன்னொரு தரம் சொன்னால் நன்றாக இருக்கும் என்பது போல. "நீயா" என்றார். "சத்தியமா நீயாப்பா." நம்பாமல் கேட்ட மாதிரி இல்லை. ரொம்ப நாளாக அவள் ஓடிப்போனாள் என்கிற சுவரில் சாய்ந்திருந்தவர், சுவரை எடுத்துவிட்டார்கள், எப்படி நிற்பது என்று தெரியாமல் கேட்ட மாதிரி இருந்தது.

அவள் துப்பட்டாவை அவிழ்த்தாள். முப்பது வயசு இருக்கும், வெயிலில் கறுத்த, களைத்த முகம். அழவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. ஸ்கூட்டர் சாவியை மேசைமேல் வைத்தாள். "அவங்களப் பாக்கணும்ணே" என்றாள். "அவங்க வாயால கேட்டாத்தான் எங்க வீட்ல நம்புவாங்க. பெரம்பலூர்ல எங்க?"

"அது தெரியாதும்மா. பஸ் ஏத்தி விட்டதோட சரி."

பேப்பர் தெய்வசிகாமணியின் மடியிலிருந்து வழுக்கிக் கீழே விழுந்தது, அவர் குனிந்து எடுக்கவில்லை.

"துறைமங்கலம்" என்றார், சத்தம் மாடிக்குப் போகாமல். "தண்ணி டேங்குக்குப் பின்னால. அவ அப்பா, வாத்தியார் ராசேந்திரன் வீடுன்னு கேட்டாச் சொல்லுவாங்க. இன்னிக்கே போயிரும்மா."

மேலே மதிவாணன் நாற்காலியைத் தரையில் இழுக்கிற சத்தம் கேட்டது. மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.